ஐந்தாம் கலவை

பிப்ரவரி 6

குருணைகள் வந்து சேர்ந்தன. இரண்டு மூட்டை. ஒன்று கெட்டி, நகத்தால் அழுத்தினால் நகம்தான் வலிக்கிறது. மற்றது மெழுகு மாதிரி விரலுக்கு இடம் கொடுக்கிறது. இரண்டுமே நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடக்கூடிய பிளாஸ்டிக். இவற்றை உருக்கிக் கலந்து, கொஞ்சம் மரவள்ளி மாவும் சேர்த்து, நண்டு வலைக்கு நூல் இழுக்க வேண்டும். கடலில் தொலைந்துபோனால் தானாகக் கரைந்துவிடும் வலை. திட்டம் மீனலோசனி மேடம் பெயரில் வந்திருக்கிறது. கை வைத்துச் செய்யப்போகிறவள் நான்.

குருணைகளை உலர்த்தப் போட்டேன். ஈரம் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் உருகும்போது உள்ளே மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்துகொண்டே வரும். வெளியே பார்த்தால் தெரியாது.

வீட்டுக்கு வரும் வழியில் பால் வாங்க மறந்தேன். கட்டங்காப்பி.

பிப்ரவரி 9

முதல் உருக்கு. இயந்திரத்தின் வாயிலிருந்து கலவை பால் நிறத்தில் இறங்கித் தண்ணீர்த் தொட்டிக்குள் மூழ்கி, மறுபக்கம் நூலாக எழுந்து வந்தது. உருளைகள் இழுக்க இழுக்க மெலிந்தது. ஜன்னலைக் கடக்கும் இடத்தில் நூல் இருப்பதே தெரியவில்லை. அங்கே காற்று மட்டும் லேசாக மினுங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேனோ! மேடம் வந்து, "ஜெசிந்தா, சுருள் நிரம்பிடுச்சு பாருங்க" என்றபோதுதான் நூல் தரையில் வழிந்து என் கால் வரை வந்திருப்பதைக் கண்டேன்.

ஐந்து கலவைகள். முதலாவதில் மாவு இல்லை. அடுத்தடுத்துக் கூடிக்கொண்டே போகிறது. ஐந்தாவதில் அதிகம். அது சற்று மங்கல், துணி போன்ற தொடுகை. கையில் எடுத்தவுடனே பிடித்துப்போனது.

பிப்ரவரி 16

இன்று முழுவதும் இழுவைச் சோதனை. நூலின் இரு முனைகளையும் இரண்டு தாடைகள் கவ்வ, மேல் தாடை மெதுவாக ஏறுகிறது. முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு எங்கோ ஓரிடத்தில் நூல் வெளுக்கும். அந்த வெண்மை மேலும் கீழும் பரவும். தூக்கத்தில் ஒருவர் சோம்பல் முறிப்பது போல நீண்டுகொண்டே போகும். கடைசியில் 'டப்' என்று சின்னச் சத்தம். அவ்வளவுதான். நைலான் எட்டு கிலோ தாங்குகிறது. என் மூன்றாம் கலவை ஐந்தரை. ஐந்தாவது நாலே முக்கால்.

ஆனால் வலை என்பது முடிச்சு. முடிச்சிட்ட நூலை ஏற்றினால் எதுவும் சரியாக வரவில்லை. நான் போடும் முடிச்சு நழுவுகிறது, இல்லையென்றால் இறுகி நூலையே வெட்டுகிறது.

"வலை பின்னத் தெரிஞ்ச யாராவது வேணும்," என்றார் மேடம். "உங்க வீட்டுக்காரர் பக்கத்துல இருப்பாங்களே?"

பார்க்கிறேன் என்றேன். தலைவலி. அரை நாள் விடுப்பு.

பிப்ரவரி 19

கிளிட்டஸ் வந்தான். என் வீட்டுக்காரர் ரெமியின் தம்பி. ரெமி இருந்தவரை அண்ணனோடு சங்கு குளிக்கப் போவான், நடுவில் நண்டு வலையும் போடுவான். இப்போது வலை மட்டும்தான். மூன்று வருஷமாக அவன் என் வீட்டுப் படி ஏறியதில்லை. கோயிலில் பார்த்தால் தூரத்திலிருந்தே தலையாட்டிவிட்டுப் போய்விடுவான். போன் செய்தபோது வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். ஒன்பது மணிக்கே ஆய்வகத்து வாசலில் நின்றான், இஸ்திரி போட்ட சட்டையோடு.

என் முடிச்சுகளைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

"என்ன மதினி இது? பிச்சிப்பூ கட்டுத மாதிரில்ல கட்டி வச்சிருக்கிய!"

சிரித்தேன். அந்த அறையில் நான் சிரித்துக் கேட்டதில்லை என்று மேடம் பிறகு சொன்னார்.

மத்தியானத்துக்குள் இருநூறு முடிச்சு போட்டுக் கொடுத்தான். எல்லாம் ஒரே அச்சு. இயந்திரம் இழுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தான். ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். அதையே மூன்று தடவை கேட்டான்.

"கடல்ல கெடந்தா எத்தன நாள்ல கரையும், மதினி?"

அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றேன்.

சாப்பிட வீட்டுக்கு வா என்றதும் வலை காயப் போட்டிருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டான். மழை வரும் அறிகுறியே இல்லை, அவசரமாக எடுக்க. சரி.

மார்ச் 4

ஐந்து நூல்களையும் சட்டங்களில் சுற்றித் துறைமுகத்துப் படகுத்துறையில், தண்ணீருக்குள் தொங்கவிட்டாயிற்று. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் எடுத்துச் சோதிக்க வேண்டும். கிளிட்டஸ்தான் படியிறங்கிக் கட்டினான். நான் மேலே நின்று எண்களைக் குறித்துக்கொண்டேன். வெயில் அதிகம். இறங்கத் தேவையும் இருக்கவில்லை.

மார்ச் 11

ரெமியின் நினைவுப் பூசை. மூன்று வருஷம்.

இதுவரை இந்த நோட்டில் எழுதியதில்லை. எழுதிவிடுகிறேன். ரெமி சங்கு குளிக்க இறங்கினார். யாரோ தொலைத்த நைலான் வலை அடியில் பாரில், கடலடிப் பாறைத் திட்டில், மாட்டிக் கிடந்திருக்கிறது. அது காலில் சுற்றிக்கொண்டது. உதறியதில் காற்றுக் குழாயும் வாயிலிருந்து நழுவியிருக்கிறது. மேலே தூக்கி வந்தபோது மூச்சு இல்லை. யாருடைய வலை என்று யாருக்கும் தெரியாது. அடியில் கிடக்கும் வலைக்கு ஊரும் பேரும் ஏது?

இந்தத் திட்டத்துக்கு ஆள் எடுத்தபோது நான் விண்ணப்பித்தது அதற்காக அல்ல. பழைய வேலை பிடிக்கவில்லை, அதனால்தான்.

மார்ச் 19

முதல் இரண்டு வாரம். நான்கு கலவைகளில் மாற்றமில்லை. ஐந்தாவது கொஞ்சம் இறங்கியிருக்கிறது. உருப்பெருக்கியில் பார்த்தேன். நூலின் மேல்தோலில் பொடிப்பொடியாகக் குழிகள். அம்மை வந்து ஆறிய முகம் போல. கடல் தின்ன ஆரம்பித்துவிட்டது.

இன்று முழுக்க மனம் லேசாக இருந்தது. திரும்பும்போது கருவாட்டுக் கடையில் நின்று, வேண்டாத கதையெல்லாம் பேசிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 16

ஆறு வாரம். ஐந்தாவது, முடிச்சிட்டு இழுத்தால், இரண்டு கிலோவுக்குக் கீழே. மூன்றாவது இன்னும் மூன்றரையில் நிற்கிறது, அசையவில்லை. வேடிக்கையாக மேடத்திடம் சொன்னேன்: "மூணாவதுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி, மேடம்."

"வலைக்குப் பிடிவாதம் வேணுமே," என்றார்.

ஏப்ரல் 30

இடைக்கால அறிக்கை. எந்தக் கலவையில் சோதனை வலை பின்னுவது என்று எழுதித் தர வேண்டும். மீனவர்கள் கேட்பது இது: முடிச்சு குறைந்தது மூன்று கிலோ தாங்க வேண்டும், ஆறு மாதமாவது உழைக்க வேண்டும், அதற்குப் பிறகு கரைந்தால் போதும்.

ஐந்தாவதின் நனைக்காத முடிச்சு அளவுகளில் ஏழு மிகவும் கீழே விழுந்திருந்தன. முடிச்சு சரியாக விழாததால் வந்த பிழை என்று குறிப்பு எழுதி, அந்த ஏழையும் நீக்கினேன். சராசரி மூன்றுக்கு மேலே ஏறியது. நனைத்த நூலின் அளவுகள் இன்னும் முழுமையில்லை என்று எழுதினேன். முழுமையில்லை என்பது உண்மைதான்.

ஐந்தாம் கலவை என்று முடித்தேன். மேடம் கையெழுத்திட்டார். என்னை நம்புகிறார்.

மே 13

விடிகாலைக் கனவு. ஒரு வீடு. சுவர்களே இல்லை, எல்லாம் திரைகள். நான் இழுத்த நூலில் நெய்தவை. காற்று வரும்போது வீடு மூச்சு விடுகிறது. மழை வந்தது. திரைகள் ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் கரைந்து இறங்க, நடுவில் ஒரு நாற்காலி மட்டும் நனைந்துகொண்டிருந்தது. அதில் யாரும் இல்லை. நான் பயப்படவில்லை. எழுந்து சட்னி அரைத்தபோதுகூட அந்த மழை காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

ஜூன் 2

சோதனை வலை தயார். கிளிட்டஸே பின்னினான், பதினேழு நாள். தூக்கிப் பிடித்தபோது வலை புகை போல இருந்தது. நான்கு வள்ளக்காரர்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். முதலில் கிளிட்டஸ் இறக்கிப் பார்த்த பிறகு மற்றவர்கள்.

நூலை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிக்கொண்டே கேட்டான்:

"மதினி, இது கொஞ்சம் மெலிவாத் தெரியுதே. மெஷின்ல நின்னுதா?"

"நின்னுச்சு."

"அப்பச் சரி."

ஜூன் 18

மேற்கிலிருந்து கச்சான் காற்று. கதவு ஜன்னலெல்லாம் மண். இன்று கிளிட்டஸ் வலையை எடுக்கப் போயிருக்கிறான். மூன்று மணி வரை போன் இல்லை.

ஜூன் 19

நேற்று எழுத முடியவில்லை.

வலை இரண்டாகக் கிழிந்துவிட்டது. இழுக்கும்போது அலை தூக்க, பாதி கையில் வந்தது. மீதி அடியில் பாரில் மாட்டிக்கொண்டது. உடனிருந்தவர் விட்டுவிடு என்று சொல்லியிருக்கிறார். கிளிட்டஸ் கேட்கவில்லை. காற்றுக் குழாய் இல்லை, ஒன்றும் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு குதித்திருக்கிறான். அந்தக் கொந்தளிப்பில் ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டு வந்திருக்கிறான். கடைசித் தடவை மேலே வந்தபோது மூக்கிலும் காதிலும் ரத்தம். வள்ளத்தில் இழுத்துப் போட்டபோது நினைவு இல்லை.

மருத்துவமனையில் பார்த்தேன். காதுச் சவ்வு கிழிந்திருக்கிறது. உயிருக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார்.

"அறிவிருக்கா உனக்கு?" என்று கத்தினேன். "அது கரையிற நூலு! கிடந்தா கிடந்துட்டுப் போவுதுன்னு விட வேண்டியதுதானே?"

கேட்கும் காதை என் பக்கம் திருப்பினான்.

"கரையுத வரைக்கும் அது வலைதானே, மதினி."

ஜூன் 20

ஏழு அளவுகள்.

ஜூலை 1

கிளிட்டஸைப் பார்க்கப் போனேன். வீட்டுப் பின்பக்கம் வேப்பமரத்தடியில் கட்டில் போட்டுப் படுத்திருந்தான். நான் சொல்ல வேண்டியதை வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன்.

"நூலு நிக்காதுன்னு எனக்குத் தெரியும், கிளிட்டஸ். மெஷின்ல ஏழு முடிச்சு சீக்கிரமே அறுந்துச்சு. நீ முடிச்சு சரியாப் போடலைன்னு எழுதி, அதை எடுத்துட்டேன்."

கோபப்படுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எதுக்கு மதினி?"

"எது சீக்கிரம் கரையுதோ அது வேணும்னு இருந்துச்சு. வேற ஒண்ணும் கண்ணுல படலை."

அவன் எழுந்து உட்கார்ந்தான். என் முகத்தைப் பார்க்காமல், கட்டில் கயிற்றைப் பார்த்துக்கொண்டு பேசினான். அவன் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"அந்த வலை என்னோடது, மதினி. அண்ணன் கால்ல கெடந்தது. அதுக்கு ரெண்டு வாரம் முந்தி விசைப்படகு ஒண்ணு இழுத்துட்டுப் போயிட்டு. ரெண்டு நாள் தேடுனேன், ஆப்புடல. யார்ட்டயும் சொல்லல. அன்னைக்கு அண்ணன் முதல் தடவை இறங்கி நல்லபடியா ஏறி வந்தான். ரெண்டாவது தடவை பார் ஓரமாப் போயிட்டான். வள்ளத்துல நான்தான் காத்துக் குழாயப் பிடிச்சிருந்தேன். குழாய் இறுகுச்சு. இழுத்தேன், வரல. இறங்கிப் பாத்தா கால்ல சுத்தியிருக்கு. மேல்கயிறு முடிச்சு நான் போட்டது. என் கைமுடிச்சு எனக்குத் தெரியாதா? அறுத்து எடுத்து, கரையில வச்சு எரிச்சுட்டேன். ஒங்கள்ட்ட சொல்லணும்னு மூணு வருசமா வாரேன். வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிருதேன்."

எழுந்து வந்துவிட்டேன். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

ஜூலை 2

வேலைக்குப் போகவில்லை.

ஜூலை 3

பெரிய பீங்கான் பரணியைக் கழுவினேன். அலமாரியை ஒழித்தேன். ரெமியின் சட்டைகளை மடித்து மறுபடியும் அதே இடத்தில் வைத்தேன்.

மூன்று வருஷம் ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. கிடைத்த முகம் ரெமியின் சாயலில் இருக்கிறது. அதை வெறுக்க முயன்று பார்த்தேன். காலை முழுக்க முயன்றேன். மத்தியானம் பசித்தது.

ஜூலை 5

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு அளவுகளையும் அச்செடுத்து மேசையில் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒருத்தர் செத்திருப்பார், ஜெசிந்தா."

"ஆமா, மேடம்."

"உங்க வீட்டுக்காரர் எப்படிப் போனார்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வேலைக்கு எடுத்தேன். உங்களை விட யாரும் கவனமா இருக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். நானும் சரியா யோசிக்கலை."

அறிக்கையைத் திருப்பி வாங்கிக்கொள்வதாகக் கடிதம் எழுதினோம். என்ன நடந்தது, யார் செய்தது என்று என் பெயர் போட்டு நானே எழுதினேன். திட்டம் நின்று போகலாம். இரண்டு மாதம் நான் அளவெடுக்கலாம், எந்த அளவையும் நீக்கக் கூடாது. வேறொருவர் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றிலும் கையெழுத்திடுவார். அது நியாயம்தான்.

ஜூலை 22

எல்லாம் முதலிலிருந்து. உலர்த்தல், உருக்கல், இழுத்தல். முதலில் உலர், நனைவு. பிறகுதான் முடிச்சு, முடிச்சு நனைவு. ஒரு நாளைக்கு நாற்பது நூல். அறுந்ததெல்லாம் அறுந்ததாகவே எழுதப்படுகிறது. இதில் ஓர் அமைதி இருக்கிறது. மேல் தாடை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சில சமயம் நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோகிறது.

படகுத்துறைக்கு இப்போது நானே இறங்குகிறேன். பாசி வழுக்குகிறது. முழங்கால் வரை தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

ஆகஸ்ட் 9

முடிச்சு போட ஆள் இல்லாமல் வேலை நிற்கிறது. வேறு இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பார்த்தோம். நன்றாகத்தான் போடுகிறார்கள். பழைய அளவுகளோடு ஒப்பிட வேண்டுமானால் அதே கை வேண்டும் என்கிறார் மேடம்.

போனை மூன்று தடவை எடுத்து வைத்தேன். நான்காவது தடவை அவன் மனைவி எடுத்தாள். காது பரவாயில்லை என்றாள். சாப்பாடுதான் இறங்க மாட்டேன் என்கிறது என்றாள்.

ஆகஸ்ட் 12

ஞாயிறு. நண்டுக் குழம்பு வைத்தேன், மூன்று வருஷத்தில் முதல் தடவையாக. தூக்குவாளியில் ஊற்றி எடுத்துக்கொண்டு கிளிட்டஸ் வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"விசைப்படகு இழுத்துட்டுப் போனதுக்கு நீ என்ன செய்வ?" என்றேன்.

"சொல்லியிருக்கலாம்லா. அந்தப் பக்கம் வலை கெடக்குன்னு அண்ணன்ட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

சொல்லியிருக்கலாம் என்பது உண்மை. இல்லை என்று பொய் சொல்ல வாய் வரவில்லை. அவன் அழுதான். நான் அழவில்லை. அவன் மனைவி தட்டு எடுத்து வந்து வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, நின்ற இடத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டான்.

"உப்பு கூட," என்றான்.

"ஆமா," என்றேன்.

கிளம்பும்போது சொன்னேன்: "நாளைக்கு வா. இருநூறு முடிச்சு வேணும்."

செப்டம்பர் 24

ஆறரை மாதத்து நூல். மார்ச்சிலேயே தொங்கவிட்டது, அந்தச் சட்டங்களை யாரும் எடுக்கவில்லை. மூன்றாம் கலவை, நனைத்த முடிச்சு: மூன்று கிலோ நூறு கிராம். இருபது நூலுக்கும் கையெழுத்து வாங்கியாயிற்று. உருப்பெருக்கியில் குழிகள் இப்போதுதான் தெரிய ஆரம்பித்திருக்கின்றன. அடுத்த வருஷம் இந்நேரம் கையில் பொடியாகும் என்று கணக்கு சொல்கிறது. கணக்குதான். அடுத்த வருஷமும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது சட்டத்தில் ஒன்றுமே இல்லை. நூல் இருந்த இடத்தில் சட்டத்தின் விளிம்பு மட்டும். வெகு நேரம் அதைக் கையில் வைத்திருந்தேன். அழகான நூல் அது. வலைக்கு ஆகாது. மேடம் நாற்றங்கால் பைக்கு யோசிக்கலாம் என்கிறார்.

திட்டம் ஒரு வருஷம் நீட்டிக்கப்படுகிறது. என் பெயர் அதில் கீழே, சின்னதாக இருக்கும். இருக்கிறதே.

அக்டோபர் 11

கச்சான் ஓய்ந்து, வாடை இன்னும் தொடங்காத நாட்கள். கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. மூன்றாம் கலவையில் பின்னிய வலையை இறக்கக் கிளிட்டஸ் கிளம்பினான். நானும் வருகிறேன் என்றேன். வள்ளத்தில் எனக்கு இடம் ஒதுக்கினான்.

வலையை விட்டு முடித்த பிறகு, திரும்பும் வழியில், கேட்டேன்:

"அந்த இடம் எங்க?"

எஞ்சினை நிறுத்தினான். வள்ளம் தானாகவே கொஞ்ச தூரம் மிதந்து போய் நின்றது. முன்பே அந்தப் பக்கமாகத்தான் ஓட்டி வந்திருக்கிறான்.

"இங்கதான். அன்னைக்கும் கடல் இப்படித்தான் கெடந்துச்சு, மதினி. மேல இருந்து பாத்தா அடி மணல் தெரிஞ்சுது. முதல் தடவை ரெண்டு கையிலயும் சங்கோட ஏறி வந்தாம்லா, அப்ப வள்ளத்து விளிம்பப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சான். 'லேய், கீழ வெயிலடிக்குலே'ன்னான்."

நான் கேட்டதேயில்லை. இந்த மூன்றரை வருஷத்தில் எத்தனையோ கேட்டிருக்கிறேன். எத்தனை நிமிஷம், எவ்வளவு ஆழம், யார் தூக்கினார்கள் என்றெல்லாம். கீழே எப்படி இருந்தது என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. இருட்டு என்றே வைத்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடினால் அந்த இருட்டுக்குள்தான் அவரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

விளிம்பில் சாய்ந்து எட்டிப் பார்த்தேன். ஆழத்தில் மணல் வரிவரியாகத் தெரிந்தது. அதன் மேல் வெயில் வலை வலையாக நெளிந்து ஓடிக்கொண்டிருந்தது. சின்ன மீன்கள் அதற்குள் நுழைந்து நுழைந்து வெளியே வந்தன. கையைத் தோள் வரை தண்ணீருக்குள் விட்டேன். கடைசி விரல் வரை தெரிந்தது.

"போவமா, மதினி?" என்றான் கிளிட்டஸ், ரொம்ப நேரத்துக்குப் பிறகு.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்," என்றேன்.